கணினி கேள்வி – பதில்: திறக்க மறுக்கும் பழைய கோப்புகள்

சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். வங்கி விவரங்கள் கலந்த கேள்விகளும் இருப்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2001 முதல் ஐந்தாண்டுகள் எங்கள் பகுதிக் கைத்தறி நெசவாளர்களிடம் கேட்டுச் சேகரித்த தொழிற்சொற்களைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். புதுக் கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகத் தெரிகின்றன. ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று கடையில் சொல்லிவிட்டார்கள். என் உழைப்பு அவ்வளவுதானா?
– அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஐயா, ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. நீங்கள் அச்செடுத்து அனுப்பிய பக்கத்தைக் கண்டதுமே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. அதன் தலைப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரிசையாக நிற்கின்றன. பாமினி எழுத்துருவில் அந்த ஐந்துக்கும் உரிய உருவங்கள் முறையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை. சேர்த்துப் படித்தால் ‘தமிழ்’. உங்கள் கோப்பு முழுவதும் இப்படித்தான் இருக்கிறது.

அக்காலத்தில் நாம் தமிழில் தட்டியதாக நினைத்தாலும், கணினி தனக்குள் ஆங்கில எழுத்துகளையே சேமித்துக்கொண்டது. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டியது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கியதால், ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் படிக்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளையும்) தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. ஆனால் நிலையான தீர்வாக வந்தது, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடுதான். 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. இன்று கைப்பேசியில் நாம் தட்டும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் எந்தப் போர்வையும் இல்லாமல் தமிழ் எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவிலும் இணையச் சேமிப்பகத்திலும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளின் மேல் மறுபடி ‘சேவ்’ கொடுக்கவே கூடாது. அடுத்து, கோப்பை வேர்டில் திறந்து ஒரு வரியின் மேல் சொடுக்கினால், எழுத்துருவின் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் பதிந்திருக்கும். அந்த எழுத்துருவை நிறுவினால் உடனே படிக்க முடியும். ஆனால் அத்துடன் நிறுத்தினால் அடுத்த கணினியில் இதே துன்பம் திரும்பும். ஆகவே என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி மென்பொருளைக் கணினியில் நிறுவி, மூல எழுத்துரு பாமினி என்று குறிப்பிட்டு, யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

மாற்றிய பின் மூன்று இடங்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நடுநடுவே நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய சொற்களும் தமிழாக்கப்பட்டுப் பொருளற்ற எழுத்துக் குவியலாகியிருக்கும். ‘மௌனம்’ போன்ற சொற்களில் ஔகாரக் குறியின் வலப்பாதி ‘ள’ என்ற தனி எழுத்தாக நின்று ‘மெளனம்’ ஆகியிருக்கும். மூன்றாவதுதான் பலர் கண்ணுக்குத் தப்புவது. தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் ‘ர்’ என்பதற்குத் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். மாற்றி மென்பொருள் அதைக் கவனிக்காமல் விட்டால் யூனிகோடிலும் துணைக்காலும் புள்ளியுமாகவே தங்கிவிடும். உங்கள் தொகுப்பில் ஊடை நூல் சுற்றும் ‘தார்’ என்ற சொல் இருக்கிறது. அது ‘தாா்’ என்று தவறாகப் பதிந்திருந்தால் பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் நாளை ஒரு மாணவர் ‘தார்’ என்று தேடும்போது கணினி ‘இல்லை’ என்று சொல்லிவிடும். வேர்டின் ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ வசதியில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி, ‘ர்’ என்று ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாவு, விழுது, நாடா, தார் என்று குழித்தறிக்கு முன்னால் அமர்ந்தவர் சொல்லக் கேட்டு எழுதிய பட்டியலை மறுபடி திரட்ட முடியாது. சொன்னவர்களில் பலர் இன்று இருக்கமாட்டார்கள். திருத்தி முடித்ததும் ஒரு பிரதியைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குத் தர முயலுங்கள். இணைய அகராதியான தமிழ் விக்சனரியிலும் சொற்களைச் சேர்க்கலாம்.

கேள்வி: சேலை உற்பத்தி செய்யும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். கூலிப் பட்டியலை எக்செலில் தயாரித்து வங்கிக்கு அனுப்புகிறோம். பாஸ்புக்கைப் பார்த்துச் சரியாகத் தட்டிய கணக்கு எண்களில் சிலவற்றின் கடைசி இலக்கம் தானாகவே பூச்சியமாகிவிட்டது. பணம் திரும்பி வந்ததில் நான்கு பேருக்கு வாரக்கூலி தாமதமானது. என் தவறு என்று முதலாளி கோபிக்கிறார்.
– இளம்பிள்ளை

பதில்: அம்மா, தட்டியது நீங்கள், மாற்றியது எக்செல். ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் எக்செல் துல்லியமாக நினைவில் வைக்கும். 16ஆவது இலக்கம் எதுவாக இருந்தாலும் அதைப் பூச்சியமாக்கிவிடும். சில வங்கிகளின் கணக்கு எண்ணுக்கு 11 இலக்கம், சிலவற்றுக்கு 16 இலக்கம் என்பதால்தான் நான்கு பேருக்கு மட்டும் இது நடந்திருக்கிறது. இதைத் தங்கள் முதலாளியிடமும் காட்டுங்கள்.

கணக்கு எண்ணை நாம் கூட்டப் போவதுமில்லை, பெருக்கப் போவதுமில்லை. இலக்கங்களால் எழுதப்பட்டிருந்தாலும் அது ஒரு பெயர் போன்றதே. எனவே தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மேட் செல்ஸ்’ பகுதியில் ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துவிடுங்கள். தட்டிய பிறகு அமைத்துப் பயனில்லை. போன இலக்கம் திரும்பாது, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி தட்டத்தான் வேண்டும். வங்கியிலிருந்து வரும் சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியலை) இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் இதே விபத்து நேரும்; ‘டேட்டா’ பட்டியில் உள்ள இறக்குமதி வழியாகத் திறந்து, அங்கேயே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். 2023இன் இறுதியில் எக்செலின் சந்தாப் பதிப்பில் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதி வந்திருக்கிறது. ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘டேட்டா’ என்னும் தலைப்பின் கீழ் அதைக் காணலாம்.

முகவரிப் பத்தியையும் இப்படியே அமையுங்கள். இல்லாவிட்டால் 5/12 என்ற கதவு எண் டிசம்பர் ஐந்தாம் தேதியாகிவிடும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் ஐந்தாவது இடத்தில் வருவது எப்போதும் பூச்சியம்; அங்கே ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. பட்டியலை அனுப்பும் முன் ‘லென்’ என்னும் சூத்திரத்தால் ஒவ்வொரு எண்ணின் நீளத்தையும் சரிபார்த்தால் குறையும் இலக்கம் உடனே அகப்படும். ஒருவரின் வாரக்கூலி அந்த ஓர் இலக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: ஜிமெயிலில் இடம் நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. நான் அதிகம் மின்னஞ்சல் அனுப்புவதே இல்லையே?
– ஆத்தூர்

பதில்: கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றிய புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அதில் அடக்கம். வாட்ஸ்அப் காப்பில் வீடியோக்களைச் சேர்க்க வேண்டாம் என்று அமைத்தாலே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். தள்ளிப்போடாதீர்கள், இடம் முற்றிலும் நிரம்பினால் புதிய அஞ்சல்கள் வந்து சேரா.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். வீட்டில் 2016இல் வாங்கிய விண்டோஸ் 10 கணினி நன்றாகவே ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக. ஆதரவு முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. மாற்று வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
– ஏற்காடு

பதில்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது என்பது உண்மை. கணினி நின்றுவிடாது, ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமைப்புகளில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலிருந்தே அதில் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப் பிரதியாக வைத்தால் கட்டணமில்லை.

கடைக்காரர் சொல்லும் வழி எனக்கு உவப்பானதல்ல. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் ஆனால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2016இல் வாங்கிய கணினியில் அந்தச் செயலி இருக்க வழியில்லை. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவிவிட முடியும் என்றாலும், அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. எந்தப் பாதுகாப்புக்காகப் பணம் கொடுக்கிறீர்களோ அதுவே உறுதியில்லை என்றால் அந்தச் செலவு எதற்கு?

அந்தப் பணத்தோடு சிறிது சேர்த்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. பொருத்தச் சொல்லுங்கள். பழைய கணினி மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் செயலி அன்று. சுழலும் தட்டும் அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து தேடும் முள்ளும்தான். எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பே கிடையாது. நினைவகம் (ரேம்) 4 ஜி.பி. என்றால் 8 ஆக்கிவிடுங்கள்.

நீட்டிப்புக் காலம் முடிந்த பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமற்ற இயங்குதளத்துக்கு மாறுவது நல்ல வழி. அதைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். அதில் இயங்கும் லிப்ரெ ஆஃபிஸ் என்னும் அலுவலக மென்பொருளில் உங்கள் கணக்குத் தாள்கள் திறக்கும். தமிழ்99 முறையில் தட்டச்சும் செய்யலாம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட டாலி போன்ற மென்பொருளில்தான் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் இந்த வழி பொருந்தாது. எதைச் செய்வதானாலும் முதலில் தோட்டக் கணக்கை வெளி டிரைவில் நகலெடுங்கள். கணினியை எப்போதும் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. தொட்டதும் ஏதோ நிறுவ அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டேன். பத்திரிகை எதுவும் வரவில்லை. பயமாக இருக்கிறது.
– செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பத்திரிகை படமாக வரும், வீடியோவாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், ஏ.பி.கே. என்று முடியும் கோப்பாக ஒருநாளும் வராது. ஏ.பி.கே. என்பது செயலி. அதை நிறுவி, குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் உங்களுக்கு வருவது போலவே மோசடிக்காரருக்கும் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததற்குக் காரணம், அவரும் உங்களைப்போல் ஏமாந்திருப்பதே. அவரிடம் கோபிக்காமல் எச்சரியுங்கள்.

இப்படி நேர்ந்தால் முதல் வேலை, கைப்பேசியை உடனே ‘ஃபிளைட் மோடு’க்கு மாற்றி வைஃபையையும் நிறுத்துவது. அடுத்து வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து, இணைய வங்கிச் சேவையையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்திவிடாதீர்கள். பிறகு கைப்பேசியில் புகைப்படங்களையும் எண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிடுங்கள். அந்தச் செயலியை நீக்கினால் போதாதா என்று கேட்டீர்கள். சில செயலிகள் தங்கள் சின்னத்தையே மறைத்துக்கொள்ளும் என்பதால் நான் அதை நம்பமாட்டேன். கடைசியாக ##002# என்று அழைத்தால், உங்களுக்குத் தெரியாமல் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பியிருந்தாலும் அது நீங்கிவிடும்.

கேள்வி: கல்லூரித் திட்டக் கட்டுரைக்காக, ஏற்காட்டில் காப்பிப் பயிரின் வரலாற்றை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழில் கேட்டேன். அழகாக எழுதி, மூன்று நூல்களையும் ஆதாரமாகக் கொடுத்தது. நூலகத்தில் அப்படி ஒரு நூலும் இல்லை. ஏன் இப்படி?
– அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நூலகத்துக்குப் போய்த் தேடியது நல்ல பழக்கம், மகளே. இக்கருவிகள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கற்றவை. ஆசிரியர் பெயர், நூல் தலைப்பு, ஆண்டு ஆகியவை எந்த வடிவில் வரும் என்பதும் அவற்றுக்குத் தெரியும். அந்த வடிவில் இல்லாத நூலையும் எழுதிவிட முடியும். தமிழில் இது கூடுதலாக நேர்கிறது. அவை படித்ததில் தமிழின் பங்கு மிகக் குறைவு. அதிலும் ஏற்காட்டைப் பற்றியது எவ்வளவு இருந்திருக்கும்?

ஆகவே கருவியின் நினைவிலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள். நூலை நீங்கள் கொடுத்து, அதற்குள்ளிருந்து கேளுங்கள். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் மலையில் காப்பியைக் கொண்டுவந்த செய்தியைப் பழைய மாவட்ட கெசட்டியரில் (மாவட்ட விவரத் தொகுப்பில்) தேடிப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக்கி, ‘இந்தப் பகுதியில் உள்ளதை மட்டும் கொண்டு சுருக்கித் தா’ என்று கேட்டால் கருவி நன்றாகவே உதவும். இணையத்தில் தேடி இணைப்புடன் பதில் தரும் கருவி என்றால், ஒவ்வோர் இணைப்பையும் திறந்து, அந்தச் செய்தி அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

கேள்வி: மலையில் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். யு.பி.எஸ். இருந்தும் கோடை மழையின் இடியில் மோடம் இரண்டு முறை எரிந்துவிட்டது. இணைப்போ ஃபைபர். மின்னல் எந்த வழியாக வருகிறது?
– ஏற்காடு

பதில்: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி இருக்கிறது: அலுவலக அறையிலிருந்து தோட்டத்துக்கு அப்பால் உள்ள அறைகளுக்கு மரங்களின் மேல் லேன் கம்பி (கணினிகளை மோடத்துடன் இணைக்கும் செப்புக் கம்பி) இழுத்திருக்கிறீர்கள். அதுதான் வழி. மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலும் நீண்ட செப்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, அது நேரே மோடத்துக்குள் பாயும். அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, இரு கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடுங்கள். ஒளிக்குறியை மின்குறியாக்க இரு முனைகளிலும் பொருத்தும் மாற்றிகள் அதிக விலையுள்ளவை அல்ல. உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள்.

மின் வழியாகவும் பாய்ச்சல் வரும். அதைத் தடுக்கும் கருவி எதுவானாலும் மிகை மின்னழுத்தத்தை மண்ணுக்குள் அனுப்ப நல்ல எர்த் வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் யு.பி.எஸ். இருந்தும் பயன் குறைவு. மின்பணியாளரை வரவழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வானம் இருண்டு இடி கேட்கத் தொடங்கியதும், மோடத்தின் மின் பிளக்கையும் லேன் கம்பியையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.